குவைத்திலிருந்து திரும்பி வந்த கலியாண சிடி

கடந்த தவணை விடுமுறையில் பாடசாலைக் கணினி அறையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தோம். எம்மிடம் படிக்கும் ஒரு மாணவியின் தாய் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பழைய துணித் துண்டில் சுற்றிய இரண்டு சிடிகள். 2003இல் நடந்த தன்னுடைய கலியாண வீடியோ என்றார்.

"சேர், இதுக்குள்ள எங்கட உம்மா இருக்கா. மாப்பிள வரக்குள்ள குரவ போடுறா. அந்த இடம் வரக்குள்ள டிவி அப்படியே நிண்டுருது. எப்படியாவது எடுத்துத் தர ஏலுமா?"

அவருடைய உம்மா 2004 டிசம்பர் 26 காலை கடலோடு போனவர். வீடும் போனது. அலுமாரியில் இருந்த அல்பமும் கசட்டும் சிடியும் போயின. வீடியோ எடுத்தவரின் கடையும் கடற்கரைப் பக்கம்தான் இருந்தது, அதுவும் மிஞ்சவில்லை. அப்படியானால் இந்த இரண்டு சிடிகளும் எப்படித் தப்பின? கலியாணத்துக்கு லீவு கிடைக்காமல் குவைத்தில் நின்ற காக்காவுக்கு ஒரு கொப்பி அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் வேலை முடிந்து ஊருக்கு வந்தபோது அதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அந்தக் கொப்பிதான் இது. வேறு இல்லை.

எமது கரையோரத்தில் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. அன்று இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கடலோர வட்டாரங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குப் போனவர்களின் முகம் இருப்பது யாரோ ஒரு சொந்தக்காரரிடம் மிஞ்சிய கொப்பியில்தான். அந்தக் கொப்பிகளுக்கும் இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. ஆகவே, வீட்டில் கொப்பி எடுப்பது என்ற இந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் உள்ள வரலாற்றையும், அந்த இரண்டு சிடிகளோடு நாம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

கொப்பி என்றதும் பலருக்கு ஒரே டிஸ்கில் ஐந்து படம் போட்டு விற்ற காலம்தான் ஞாபகம் வரும். ஆனால் வீட்டில் தனக்காகக் கொப்பி எடுப்பது அதைவிட வேறான ஒரு விடயம். அதற்காக உலகத்தில் பெரிய பெரிய வழக்குகள் நடந்திருக்கின்றன.

ஆரம்பம் டெக் காலம். சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமக்ஸையும், ஜேவிசி நிறுவனம் 1976இல் விஎச்எஸ்ஸையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. இங்கே ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. எண்பதுகளில் சவூதி, குவைத் என்று போனவர்கள் திரும்பும்போது டிவியும் டெக்கும் கொண்டுவந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு வீட்டில் டெக் இருந்தால் அந்த வளவு முழுக்க அங்கேதான்.

அமெரிக்காவில் யுனிவர்சல், டிஸ்னி ஆகிய இரண்டு பட நிறுவனங்களும் 1976இலேயே சோனிக்கு எதிராக வழக்குப் போட்டன. டிவியில் போகும் படத்தை மக்கள் வீட்டில் பதிவு செய்கிறார்கள், அதற்கு உதவும் மெசினை நீ விற்கிறாய் என்பது குற்றச்சாட்டு. எட்டு வருடம் இழுத்தது. 1984 ஜனவரி 17இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடு என்றார்கள். ஒரு நீதியரசர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் வீட்டு வீடியோவின் கதையே வேறாகியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே பட நிறுவனங்கள் பின்னர் கசட் விற்றே கோடி கோடியாகச் சம்பாதித்தன.

கசட்டுக்கு ஒரு குணம் இருந்தது. இரண்டு டெக்கை வயரால் இணைத்துக் கொப்பி எடுத்தால் கொப்பி கொஞ்சம் மங்கலாக வரும். கொப்பியின் கொப்பி இன்னும் மங்கல். நான்காவது கொப்பியில் மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளைத் தோழனுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த மங்கலே ஒரு வேலி. யாரும் முடிவில்லாமல் கொப்பி எடுக்க முடியாது. எமது ஈரமான காலநிலையில் கசட்டுக்குப் பூஞ்சணமும் பிடிக்கும், அது வேறு கதை.

சிடி வந்ததும் அந்த வேலி உடைந்தது. 1982இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த 12 சென்ரிமீற்றர் தட்டில் இருப்பது வெறும் எண்கள். எண்ணை எத்தனை முறை எழுதினாலும் அது அதே எண்தான். ஆயிரமாவது கொப்பியும் முதல் கொப்பியும் ஒன்று. படக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

1993இல் வீசீடி வந்தது. பாட்டுக்காகச் செய்த அதே தட்டில் படத்தை நெருக்கி அடைத்தார்கள். 352க்கு 288 புள்ளி அளவுள்ள சின்னப் படம், 74 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஏன் இரண்டு அல்லது மூன்று தட்டில் வந்தது என்பதற்கு இதுதான் விடை. அமெரிக்காவில் வீசீடி எடுபடவில்லை. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் எமது பக்கத்திலும் அது கொடிகட்டிப் பறந்தது. பிளேயர் மலிவு, பூஞ்சணம் பிடிக்காது, எல்லாவற்றுக்கும் மேலாக அதில் பூட்டு இல்லை. எந்த நாட்டுத் தட்டும் எந்த நாட்டுப் பிளேயரிலும் ஓடும். எமது ஊர் வீடியோக்காரர்கள் கசட்டை விட்டு சிடிக்கு மாறியது இந்தக் காலத்தில்தான். குவைத்துக்குப் போன அந்தக் கொப்பியும் இப்படியான வீசீடிதான்.

அடுத்தது டிவிடி. ஜப்பானில் 1996 நவம்பரிலும் அமெரிக்காவில் 1997 மார்ச்சிலும் விற்பனைக்கு வந்தது. சிடியின் அளவேதான், ஆனால் ஒரு படலத்தில் 4.7 கிகாபைட் கொள்ளும். இந்தத் தடவை பட நிறுவனங்கள் முன்கூட்டியே உசாராகிவிட்டன. இரண்டு பூட்டுப் போட்டார்கள்.

முதலாவது, பிராந்திய இலக்கம். உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண். மத்திய கிழக்கு 2, எமது தெற்காசியா 5. சவூதியில் காசு கொடுத்து வாங்கிய டிவிடியை ஊரில் வாங்கிய பிளேயரில் போட்டால் "இந்தப் பிராந்தியத்துக்கு உரியதல்ல" என்று திரையில் வரும். வாப்பா உழைத்த நாட்டில் வாங்கிய கார்ட்டூன் டிவிடி பிள்ளை இருக்கும் நாட்டில் ஓடாது. எங்கள் கருத்தில், இந்த ஏற்பாட்டுக்குக் களவைத் தடுப்பதோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. இந்த நாட்டில் இந்த விலை, அந்த நாட்டில் அந்த விலை என்று பிரித்து விற்கச் செய்த வேலிதான் இது.

இரண்டாவது, சிஎஸ்எஸ் என்ற இரகசியக் குறியீடு. தட்டில் உள்ள படம் கலைத்து எழுதப்பட்டிருக்கும். பிளேயர் செய்யும் கம்பனிகள் உரிமம் பெற்று ஆளுக்கொரு திறப்பு வாங்கவேண்டும். திறப்பு இல்லாத பிளேயரில் படம் வெறும் குப்பையாகத் தெரியும். திறப்பின் நீளம் 40 பிட். கணினி படிப்பிக்கும் எவரும் அது போதாது என்று சொல்லிவிடுவார்கள்.

இங்கேதான் கதை நோர்வேக்குப் போகிறது. யொன் லெக் யொஹான்சன் என்ற பதினைந்து வயதுப் பையன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்திலும் டிவிடி பார்க்கவேண்டும் என்பது அந்தப் பையனின் ஆசை. தட்டு காசு கொடுத்து வாங்கியது, டிரைவும் சொந்தம். ஆனால் லினக்ஸுக்கு உரிமம் பெற்ற பிளேயரே இல்லை. சொந்தத் தட்டைச் சொந்தக் கணினியில் பார்க்க வழியில்லை. பெயர் வெளியிடாத இரண்டு பேருடன் இணையத்தில் சேர்ந்து, 1999 ஒக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சின்ன மென்பொருளை வெளியிட்டான். உரிமம் பெற்ற ஒரு பிளேயர் மென்பொருள் தன் திறப்பைச் சரியாக மறைத்து வைத்திருக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் பூட்டு திறந்தது.

2000 ஜனவரியில் நோர்வேப் பொலிஸ் அவன் வீட்டைச் சோதனை போட்டது. பிறகு வழக்கு. அடுத்தவனின் தகவல் பூட்டை உடைத்து உள்ளே புகுந்தான் என்பது குற்றச்சாட்டு. 2003 ஜனவரி 7இல் ஒஸ்லோ நீதிமன்றம் விடுதலை செய்தது. அரச தரப்பு மேன்முறையீடு செய்தது. அதே வருடம் டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் விடுதலை செய்தது. நீதிமன்றத்தின் நிலைப்பாட்டை எமது வார்த்தையில் சொன்னால் இதுதான்: சட்டப்படி வாங்கிய தட்டைப் பார்க்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. தன்னுடைய வீட்டுக் கதவைத் தானே திறந்தவனைக் கள்வன் என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. 1998இல் கொண்டுவரப்பட்ட சட்டம் ஒன்று டிஜிட்டல் பூட்டை உடைக்கும் கருவியைக் கொடுப்பதையே குற்றமாக்கியது. டிசிஎஸ்எஸ்ஸைத் தன் இணையத்தளத்தில் போட்ட 2600 என்ற சஞ்சிகைக்கு எதிராக 2000 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. மென்பொருளை வைத்திருப்பது மட்டுமல்ல, அது இருக்கும் இடத்துக்கு இணைப்புக் கொடுப்பதும் தடை. சனம் சும்மா இருக்குமா? அந்த நிரலை டீசேர்ட்டில் அச்சிட்டார்கள், கவிதையாக எழுதினார்கள். 2001இல் பில் கார்மடி என்ற கணிதப் பித்தர் அந்த நிரலைச் சுருக்கி ஒரே எண்ணாக எழுதினால் முதன்மை எண்ணாக வரும்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆயிரத்துக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட எண். ஓர் எண் சட்டவிரோதமாக இருக்க முடியுமா? தரம் 10 பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டோம். அன்று பாட வேளை முடிந்து மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

அதன்பின் அமெரிக்காவில் டிவிடியைக் கொப்பி எடுக்கும் மென்பொருளை வெளிப்படையாக விற்ற கம்பனிகள் ஒவ்வொன்றாக நீதிமன்றத்தில் தோற்றன. 321 ஸ்டூடியோஸ் 2004இல் இழுத்து மூடியது. 2009இல் ரியல்டிவிடி தடுக்கப்பட்டது. பிரித்தானியா 2014 ஒக்டோபரில் சொந்தப் பாவனைக்குக் கொப்பி எடுக்கலாம் என்று விதி கொண்டுவந்து, மறுவருடம் ஜூலையில் அவர்களுடைய மேல் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. ஒன்பது மாதச் சுதந்திரம்!

எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உள்ளது. சட்டப்படி பெற்ற ஒரு பிரதியிலிருந்து ஒரு தனிநபர் தன் சொந்தப் பாவனைக்கு மட்டும் ஒரே ஒரு பிரதி எடுக்க அது இடம் கொடுக்கிறது. விற்க இல்லை, கடையில் வாடகைக்கு விட இல்லை. பூட்டை உடைக்கும் கருவிகளை விற்பனைக்குச் செய்வதையும் கொண்டுவருவதையும் அதே சட்டம் தடுக்கிறது. படச் சிடிக்கு இவ்வளவு கட்டுப்பாடு. குடும்பக் கலியாண வீடியோவுக்கோ பூட்டும் இல்லை, தடுக்க யாரும் இல்லை. ஆனாலும் அதைத்தான் நாம் கொப்பி எடுக்காமல் அலுமாரிக்குள் சாகவிடுகிறோம்.

அந்தக் கைகலப்பிலிருந்து எமக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய திட்டம் ஒன்று 2001இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. வீதியில் வைக்கும் செம்மஞ்சள் கூம்பைச் சின்னமாகக் கொண்ட விஎல்சி அதுதான். பிராந்தியமும் பூட்டும் பார்க்காமல் எதையும் ஓட்டும். புதிய போன்களும் டிவிகளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழைய வீசீடிக் கோப்பையும் ஓட்டும்.

இனி அந்த பிஸ்கட் டின்னுக்கு வருவோம்.

இரண்டு சிடியையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். முதலாவதில் கீழ்ப்பக்கம் கீறல்கள். இரண்டாவதின் மேல்பக்கத்தில் இதய வடிவ ஸ்டிக்கர் ஒன்று பாதி உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் ஊசி முனையளவு ஓட்டைகள் வழியாக வெளிச்சம் தெரிந்தது. மணமக்களின் பெயரை போல்பொயின்ட் பேனையால் அழுத்தி எழுதியிருந்தார்கள்.

எல்லோரும் சிடியின் பளபளக்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாப்போம். உண்மையில் சிடியில் ஆபத்தான பக்கம் மேல்பக்கம். கீழே 1.2 மில்லிமீற்றர் தடிப்பில் பிளாஸ்டிக் இருக்கிறது. படம் பதிந்திருக்கும் சாயப்படலமும் அதன் மேல் உலோகப் படலமும் மேல்பக்க வார்னிஷுக்கு உடனே கீழே, மயிரிழை தூரத்தில். ஸ்டிக்கரை இழுத்தால் உலோகமும் சேர்ந்து வரும். அழுத்தி எழுதினால் கீழே நசுங்கும். கடையில் விற்கும் பட சிடி தொழிற்சாலையில் அச்சுக் குத்தி வருவது. வீடியோக்காரர் தரும் சிடி அப்படியல்ல. லேசரால் சாயத்தைச் சுட்டு எழுதியது. சாயம் என்றால் வெயிலுக்கும் சூட்டுக்கும் மங்கும். டிவிடியில் படலம் இரண்டு பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவே இருப்பதால் மேல்கீறலுக்குக் கொஞ்சம் தாங்கும். ஆனால் நடுவில் உள்ள பசை விட்டால் அதுவும் போச்சு.

முதலில் கழுவினோம். கை கழுவும் சவர்க்காரத் தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி. துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைக்கவேண்டும். நாம் வழக்கமாகச் செய்வதுபோல வட்டமாகத் தேய்த்தால், விழும் கீறல் படம் எழுதிய வழியிலேயே நீளமாக ஓடும். குறுக்கே விழும் கீறலைச் சிடி தாங்கும், வழியோடு ஓடும் கீறலைத் தாங்காது.

ஏன் தாங்கும்? 1960இல் ரீட், சொலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் எழுதிய ஒரு கட்டுரை காரணம். தவணைப் பரீட்சைப் புள்ளி அட்டவணையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் மொத்தமும் வலப்பக்கம், ஒவ்வொரு பாடத்தின் மொத்தமும் கீழே. நடுவில் ஒரு புள்ளியில் தேத்தண்ணி சிந்தி அழிந்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடிப்போம். சிடியும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. சுமார் இரண்டரை மில்லிமீற்றர் அகலக் கீறல் வரைக்கும் அழிந்ததை முழுசாகக் கணக்குப் போட்டு மீட்டுவிடும்.

ஆனால் வீசீடி செய்தவர்கள் ஒரு சிக்கனம் பார்த்தார்கள். சாதாரண கணினிச் சிடியில் ஒரு கட்டத்தில் உள்ள 2,352 பைட்டில் 2,048 மட்டும்தான் கோப்புக்கு. மீதியில் பெரும்பகுதி இன்னொரு அடுக்குத் திருத்தக் கணக்குக்குப் போகும். வீசீடியில் அந்த அடுக்கைக் கழற்றிவிட்டு 2,324 பைட்டைப் படத்துக்கே கொடுத்தார்கள். 74 நிமிடம் கிடைத்தது இப்படித்தான். படத்தில் ஒரு புள்ளி பிழைத்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். நியாயம்தான். ஆனால் வயதான வீசீடியைக் கணினியில் போட்டு இழுத்துக் கொப்பி பண்ணப் பார்த்தால், பிழையான கட்டம் வந்ததும் விண்டோஸ் பிழைச்செய்தி காட்டி நிறுத்திவிடும். "சிடி செத்துப் போச்சு" என்று சனம் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து எறியாதீர்கள். ஒரு கட்டம் வாசிக்காததற்காக முழுத் தட்டும் சாகவில்லை.

ஐசோபஸ்டர் என்ற மென்பொருளைப் போட்டோம். வாசிக்க முடியாத கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போகும். சில வசதிகளுக்குக் காசு கேட்கும், கொடுக்கலாம். முதல் சிடி ஒரே தடவையில் முழுசாக வந்தது. இரண்டாவது முரண்டு பிடித்தது. மடிகணினியில் செருகும் புதிய டிரைவில் பின்னேரம் முழுக்க முயன்றும் நடுவில் பெரிய பள்ளம். அப்போது களஞ்சிய அறையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கணினியின் டிரைவை எம்மோடு நின்ற மற்ற ஆசிரியர் ஞாபகப்படுத்தினார். தூசி தட்டிப் பொருத்தினோம். புதியது வாசிக்காத கட்டங்களில் பாதிக்கு மேல் பழையது வாசித்தது! டிரைவுக்கு டிரைவு லேசரின் கண் வேறு. ஒன்றில் கிடைத்ததை வைத்துக்கொண்டு விடுபட்டதை மட்டும் இன்னொன்றில் தேடலாம் என்பதால் கிடைத்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. கரண்ட் ஒரு தடவை போய் எம்மைக் கலங்கடித்தது. நல்லவேளை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மறுநாள் அவரை வரச்சொன்னோம். மகளும் வந்தாள். மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனையில் திரும்புகிறது. டிவி நிற்கும் இடம் வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. ஆனால் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. வாசலில் நிற்கும் பெண்களின் முகமெல்லாம் கட்டம் கட்டமாகக் கலங்கின. அந்தக் கலக்கத்துக்குள்ளிருந்து குரவை மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. இந்த முறையில் படம் ஒன்றையொன்று நம்பி நிற்கும். முதல் படம் முழுசாக, அதன்பின் வருபவற்றில் மாறியது மட்டும் எழுதப்படும். ஒன்று பழுதானால் அடுத்த முழுப் படம் வரும் வரைக்கும் எல்லாம் கலங்கும். சத்தம் அப்படியல்ல. நூறில் இரண்டு, மூன்று பங்கு செக்கனுக்கு ஒரு துண்டு, ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும். ஒரு துண்டு போனால் காது அதைக் கண்டுகொள்ளாது. கிட்டத்தட்ட பன்னிரண்டு செக்கன் படம் கலங்கி, பிறகு தெளிந்தது. தெளிந்தபோது உம்மா வாசலில் இல்லை, உள்ளே போய்விட்டார். பிறகு சாப்பாட்டுச் சகன் வைக்கும் இடத்தில் இரண்டு தடவை வந்தார். மகள் அந்த இடத்தில் "நிப்பாட்டுங்க சேர்" என்றாள். அவள் மூத்தம்மாவைக் கண்டது அதுதான் முதல் தடவை.

பழுதான பன்னிரண்டு செக்கனையும் ஏதாவது செயலியில் போட்டுச் சரிப்படுத்தலாமா என்று கேட்டார். இப்போது அப்படி நிறைய வந்திருக்கின்றன. மங்கலான படத்தைப் பளிச்சென்று ஆக்குகிறோம் என்கிறார்கள். நாம் வேண்டாம் என்றோம். இல்லாத புள்ளியை அந்தச் செயலி ஊகித்துத்தான் வரைகிறது. வரும் முகம் யாருடையதோ. ஆசைக்குச் செய்து பார்க்கலாம், ஆனால் மூலக் கோப்பில் கை வைக்காமல் வேறாக.

இதே ஒழுங்கைத்தான் மற்றக் கோப்புகளிலும் பின்பற்றினோம். சிடியிலிருந்து வந்ததை வந்தபடியே ஒரு கோப்பாக வைத்தோம். அதிலிருந்து ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போனுக்கும் டிவிக்கும் ஏற்றபடி எம்பி4 ஒன்று செய்தோம். இப்படி மாற்றும்போது தரம் சற்றுக் குறையும் என்பதால் எம்பி4ஐ மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது புத்தியல்ல. உங்களிடம் வீசீடி இருந்தால் கணினியில் திறந்து பாருங்கள். எம்பெக்ஏவி என்ற பெட்டிக்குள் பெரிய டாட் கோப்பு இருக்கும், அதுதான் படம். டிவிடி என்றால் வீடியோ டிஎஸ் என்ற பெட்டி. அதற்குள் ஒரு கிகாபைட் அளவில் துண்டு துண்டாக வொப் கோப்புகள். ஒன்றிரண்டை மட்டும் எடுக்காமல் முழுப் பெட்டியையும் எடுக்கவேண்டும்.

இன்னொரு விடயம், இதை ஆண்கள் கவனமாக வாசிக்கவும். கலியாண வீடியோவில் எமது வீட்டுப் பெண்கள் வீட்டுக்குள் இருப்பதுபோல இருக்கிறார்கள். தெரியாத கடையில் சிடியைக் கொடுத்துவிட்டு நாளை வருகிறேன் என்று போகாதீர்கள். பக்கத்தில் இருந்து எடுப்பியுங்கள், முடிந்ததும் கடைக் கணினியில் உள்ளதை அழிக்கச் சொல்லுங்கள். எடுத்ததை முகநூலில் போடுவதற்கு முன் அதில் இருப்பவர்களிடம் கேளுங்கள். போனவர்களுக்காக அவர்களின் பிள்ளைகளிடம் கேளுங்கள். நாமும் அந்தத் தாயின் முன்னிலையிலேயே பாடசாலைக் கணினியிலிருந்து அனைத்தையும் அழித்தோம். அதனால்தான் இந்தப் பதிவில் ஒரு படமும் இல்லை.

படப்பிடிப்பாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். மூன்றாவதுதான் எமது கரையோரத்துக்கு முக்கியம். ஒரே வீட்டில் பத்துக் கொப்பி இருந்தாலும் அது ஒரு கொப்பிதான். 2004இல் அலுமாரியில் இருந்த சிடி போனது, குவைத்தில் இருந்தது மிஞ்சியது.

சனிக்கிழமைகளில் லுஹர் வரைக்கும் கணினி அறை திறந்திருக்கும். அந்தப் பழைய டிரைவைத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறோம். பழைய சிடி வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம், காசு தேவையில்லை. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

அந்தத் தாய் மூன்று பிரதி கேட்டார். ஒரு ஹார்ட் டிஸ்க் அவருடைய வீட்டில். ஒரு பென்டிரைவ் மாத்தளையில் கலியாணம் முடித்திருக்கும் தங்கைக்கு. மூன்றாவதை, இப்போது மகன் வேலை பார்க்கிறார் என்று, திரும்பவும் குவைத்துக்கே அனுப்பியிருக்கிறார்.